வன்னியில் நோயாளர் காவு வண்டிப் பணியாளருக்கான ஆற்றுப்படுத்தல் சேவை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையில் உள்ள வீட்டில், நோயாளர் காவு வண்டிகளில் (அம்புலன்ஸ்) கடமையாற்றுவோரின் மனச்சுமையைத் தணிக்கவென ஓர் ஆற்றுப்படுத்தல் சேவை இலவசமாக நடைபெற்று வருகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பணிபுரியும் எவரும் அங்கே செல்லலாம். தொடக்கத்தில் ஒரு சிறு அறிமுகப் பயிற்சி, பிறகு மாதாந்தச் சந்திப்பு, வேண்டியவர்களுக்குத் தனிப்பட்ட ஆற்றுப்படுத்தல், இவற்றுக்கு மேலாக எங்களுள் இருந்தே தெரிவுசெய்து பயிற்றப்பட்ட சகபாடிகள் என்பதே அதன் அமைப்பு. இந்தப் பணியில் உள்ள ஒருவனாக நான் அதைக் கடந்த ஆண்டிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. வன்னியில் எங்கள் தொகை சிறியது. எந்தப் படலைக்குள் எவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மனம் களைத்தவர் என்ற பெயர் ஒருவருக்கு ஏற்பட்டால் அது அவருடைய தொழிலையும் திருமணப் பேச்சையும் தொட்டுவிடும். பணியில் இருப்பவர்கள் தங்கள் மூத்தவர்களிடம் விசாரித்தால் இடத்தை அறிந்துகொள்ளலாம்.

இப்படியொரு சேவை ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக எங்கள் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலை 21 அன்று வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. அந்த வண்டியில் வருவோர் இருவர் மட்டுமே: ஓர் அவசர மருத்துவ உதவியாளர், ஒரு சாரதி. இதைத் தவிர, ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளரை மாற்றும் வைத்தியசாலைக் காவு வண்டிகளும் ஓடுகின்றன. எந்த வண்டியாக இருந்தாலும், வீதியில் ஓடும் நேரத்தில் அதற்குள் நடப்பதைச் சுமப்பவர்கள் ஓரிருவரே.

வன்னியில் அந்தச் சுமை கூடுவதற்கு முதற்காரணம் தூரம். முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையிலிருந்து தலையில் அடிபட்ட ஒருவரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றும்போது, புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் கடந்து, பரந்தனில் ஏ9 வீதியைப் பிடித்து, ஆனையிறவைத் தாண்டிச் செல்ல வேண்டும். 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பயணம் முழுவதும், “என்ர பிள்ளை கண் திறப்பானோ தம்பி?” என்று அருகில் இருந்து கேட்கும் தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே, பிராணவாயுவின் அளவையும் நாடித் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரே ஆள்தான். நகரத்தில் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடக்கூடிய அந்த நெருக்கம் இங்கே மணிக்கணக்கில் நீள்கிறது.

தூரத்தைவிடக் கடினமானது அறிமுகம். பெருநகரில் நோயாளி பெரும்பாலும் அந்நியர். இங்கே விலாசம் வந்ததுமே அது எவருடைய வளவு என்பது விளங்கிவிடும். கிருமிநாசினி குடித்த பெடியன், உடன் படித்தவனின் தம்பியாக இருப்பான்; குளத்தில் மூழ்கிய குழந்தையின் தந்தை, முதல்நாள் உரக்கடையில் நின்று கதைத்தவராக இருப்பார்; இரவில் வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுந்தவர், சொந்த மைத்துனராகவே இருக்கலாம். உயிர் போன பிறகும் அந்த உறவு முடிவதில்லை. செத்தவீட்டுக்கும் எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அதே வீட்டுக்குப் போக வேண்டும், “கடைசியா என்ன சொன்னவன்?” என்று அங்கே யாராவது கேட்பார்கள். சி.பி.ஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் முதலுதவி) செய்து செய்து தோள் விட்டுப்போன நினைவோடு அந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இந்தச் சேவையின் மாதாந்தச் சந்திப்பில்தான் முதன்முறையாக அதைப் பற்றிப் பலர் பேசக் கேட்டேன்.

இப்படி மனம் தளர்வது வன்னிக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அம்புலன்ஸ் பணியாளருள் 11 வீதமானோரிடம் மனவடு நோயும் (கோரமான அனுபவத்தின் பின் நீடிக்கும் மனப்பாதிப்பு), 15 வீதமானோரிடம் மனச்சோர்வு நோயும், அதே அளவினரிடம் பதகளிப்பு (மிகைப் பதற்ற) நோயும் காணப்படுவதாக மதிப்பிட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் தன் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது, தொழிலின் பொருட்டுத் திரும்பத் திரும்பக் கோரங்களை எதிர்கொள்வதும் மனவடுவுக்குப் போதிய காரணம் என்பதைத் தெளிவாகச் சேர்த்தது. அறிமுகப் பயிற்சியின் முதல் மணித்தியாலத்திலேயே இவற்றை எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். “இந்த வேலைக்கு நான் சரிவரமாட்டன் போல” என்று தனக்குள் நினைத்துக்கொண்டிருந்த பலருடைய முகம் அப்போதே இளகியது. அறிவைக் கொடுப்பதும் ஆறுதலின் ஒரு பகுதிதான் என்பதை அந்தப் பயிற்றுநர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

சேவையின் ஆகச் சிறந்த அம்சம், அது எவரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தாததே. முன்பு வேறோரிடத்தில் நான் கலந்துகொண்ட ஒருநாள் நிகழ்வில், ஒரு பெரிய விபத்து நடந்து இரண்டு நாள்கூட ஆகாத நிலையில், அங்கே கடமையாற்றிய எல்லோரையும் வட்டமாக இருத்தி, கண்டதையும் நினைத்ததையும் உணர்ந்ததையும் வரிசையாகச் சொல்லவைத்தார்கள். அந்த முறையை 1983 இல் அமெரிக்காவில் ஜெவ்ரி மிச்சல் என்பவர் அவசரப் பணியாளருக்காகவே வகுத்தார். அவரும் முன்னர் தீயணைப்பு வீரராகவும் அம்புலன்ஸ் பணியாளராகவும் இருந்தவர். அவருடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது மனவடுவைத் தடுப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தீக்காயமடைந்தவர்களிடம் செய்யப்பட்டு 1997 இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய அமர்வைப் பெற்றவர்களுள் 26 வீதமானோருக்கு 13 மாதங்களின் பின் மனவடு நோய் இருந்தது. பெறாதவர்களுள் 9 வீதமானோருக்கே இருந்தது. அமர்வு பெற்றவர்களின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையானவை என்பதும், அவர்கள் நோயாளரே தவிர மீட்புப் பணியாளர் அல்லர் என்பதும் உண்மை. எனினும் உலக சுகாதார அமைப்பும் இன்று அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. கிளிநொச்சிச் சேவையினர் அதை அறிந்தே தவிர்த்திருக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக அவர்கள் செய்வது உளவியல் முதலுதவி. 2011 இல் உலக சுகாதார அமைப்பு களப்பணியாளருக்காக வெளியிட்ட வழிகாட்டியின் மூன்று சொற்களான பார், கேள், இணை என்பவற்றை அடிப்படையாகக் கொண்டு, கடுமையான அழைப்பொன்று முடிந்ததும் சகபாடி ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். சாப்பிட்டீர்களா, வீட்டுக்குப் போக ஆள் இருக்கிறதா, அடுத்த கடமை எப்போது என்பவைதான் கேள்விகள். சம்பவத்தைப் பற்றி அவராக ஒன்றும் கேட்பதில்லை. மூன்று நாள் கழித்து மீண்டும் ஓர் அழைப்பு வரும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து இன்னொன்று. இந்தக் கால ஒழுங்கு பிரித்தானியக் கடற்படைப் போர்வீரரிடையே உருவான ஒரு சகபாடி முறையிலிருந்து எடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். ஒரு மாதம் என்பதற்குப் பொருள் உண்டு. கெட்ட கனவும் திடுக்கிடலும் எரிச்சலும் முதல் வாரங்களில் பெரும்பாலானோருக்கு வந்து தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் தணியாமல் நிற்பவைதான் மருத்துவ உதவியைக் கேட்பவை. எனக்கு அந்த மூன்றாவது அழைப்புத்தான் உதவியது. அதற்குள் எல்லோரும் அந்தச் சம்பவத்தை மறந்திருந்தார்கள். நான் மட்டும் அது நடந்த வளைவை வண்டி கடக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சகபாடிகளின் தெரிவும் நன்றாக அமைந்திருக்கிறது. பதவியில் உயர்ந்தவர்களை எடுக்காமல், சக ஊழியர்கள் தாமாகவே தேடிப்போய்க் கதைப்பவர்கள் யார் என்று எங்களிடம் இரகசியமாக எழுதி வாங்கி, அதிகம் பெயர் வந்தவர்களைப் பயிற்றினார்கள். அவர்களுக்கு முறிகண்டிச் சந்தியும் தெரியும், ஒட்டுசுட்டான் வீதியில் இரவில் யானை நிற்கும் இடமும் தெரியும். ஒரு வாக்கியத்தில் நாங்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு அரை மணித்தியால விளக்கம் வேண்டியதில்லை.

தனிப்பட்ட ஆற்றுப்படுத்தலைச் செய்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைக்கிறோம். முதல்நாள் நான் ஒன்றும் பேச வராமல் இருந்தபோது, “தம்பி, சொல்லத்தான் வேணும் எண்டில்லை, இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டும் போகலாம்” என்று சொல்லிவிட்டுத் தன் தையலைத் தொடர்ந்தார். அறையில் யன்னல் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது. வாசற்கதவும் வெளியேறும் கதவும் வெவ்வேறு. ஒருவர் வெளியேறும்போது அடுத்தவரைச் சந்திக்க நேராது. சிறிய ஊரில் இந்த ஏற்பாட்டின் பெறுமதியை எவ்வளவு சொன்னாலும் தகும்.

வன்னியில் பணியாற்றுவோரின் மனத்தைப் பற்றிப் பேசும் எவரும் இறுதிப் போர் நடந்த 2009 ஐத் தாண்டிச் செல்ல முடியாது. அப்போது பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எங்கள் சீருடையை அணிந்திருக்கிறார்கள். புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறிக்கொண்டே போன சிகிச்சை நிலையங்களின் தரையில் தங்கள் உறவினர் கிடந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்; செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் காயமடைந்தோரை ஏற்றிச் சென்ற கிறீன் ஓஷன் கப்பலில் தாயோடு ஏற்றப்பட்ட பிள்ளை ஒருவர் இன்று எங்கள் சகபாடி. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியில் இடம்பெயர்ந்தோரைப் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வில், இங்கே நேர்ந்த காயம் தனியாட்களோடு நில்லாமல் குடும்பத்தையும் சமூகத்தையும் ஒருங்கே தாக்கியது என்று எடுத்துக்காட்டினார். அப்படியொரு சமூகத்திலிருந்து வந்து அதே சமூகத்தைக் காவிச் செல்லும் ஒருவருக்கு, இன்றைய விபத்தின் இரத்தம் எந்த ஆண்டின் இரத்தம் என்பது சில வேளைகளில் பிரித்தறிய முடியாமற் போகிறது.

இதைச் சேவையினர் கையாளும் விதத்தில் மிகுந்த நிதானம் இருக்கிறது. பழைய கதையை அவர்கள் தோண்டுவதில்லை. ஒருவர் தானாகத் தொடங்கினால் இடைமறிப்பதுமில்லை. அந்தப் போர் முடிந்த நாள்கள் வரும் மே மாத நடுப்பகுதியில் பயிற்சி எதையும் வைக்காமல் வீட்டைத் திறந்து மட்டும் வைத்திருக்கிறார்கள். வருபவர் விளக்கேற்றலாம், கஞ்சி குடிக்கலாம், பேசாமல் இருந்துவிட்டும் போகலாம். அந்த வாரத்தில் இரவுக் கடமையை மாற்றிக்கொள்ள விரும்புவோருக்குத் தங்களுக்குள்ளேயே பரிமாறிக்கொள்ள உதவும் ஒரு பட்டியலையும் சகபாடிகள் தயாரித்தார்கள். இவ்வளவு எளிமையான ஓர் ஏற்பாடு ஆயிரம் அறிவுரைகளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது.

எங்களுக்கென்று நாங்களே வைத்திருக்கும் வழிகளையும் அவர்கள் மதிக்கிறார்கள். இறந்தவரைத் தூக்கிய நாளில் வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் தலைமுழுகுவது எங்கள் ஊர் வழக்கம். பயிற்றுநர் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காமல், வேலை முடிந்தது என்பதை உடலுக்கு உணர்த்தும் எல்லைக்கோடாக அதை வேண்டுமென்றே பேணச் சொன்னார். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வாகனங்களும் நின்று போகும். நோயாளரோடு ஓடும் எங்கள் வண்டி நிற்க முடியாது. திரும்பி வரும்போது நின்று, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் மரநிழலில் இருப்பதைப் பலர் நீண்ட காலமாகச் செய்து வருகிறார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. இவை அனைத்தும் சந்திப்பில் சமமான மரியாதையுடன் பேசப்பட்டன.

சாராயத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசினார்கள். கடமை முடிந்து கால்போத்தல் எடுத்தால்தான் நித்திரை வரும் என்ற நிலை எங்களிடையே அரிதானதன்று. குடி நித்திரையை வரவழைத்தாலும் அதன் ஆழத்தைக் கெடுத்துவிடும் என்பதையும், அதனால் அடுத்த நாள் திடுக்கிடல் கூடுவதையும் விளங்கப்படுத்தினார்கள். நித்திரைக் குளிசையைப் பாமசியில் தாமாக வாங்கி விழுங்குபவர்களுக்கும் ஒரு செய்தி இருந்தது: கோரமான சம்பவத்துக்குப் பின் முதல் மாதத்தில் வரும் நித்திரையின்மைக்கும் பதற்றத்துக்கும் பென்சோடயசெபைன் வகை மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2013 இலேயே வழிகாட்டியிருக்கிறது. இதை அறியாதவர்கள் எங்கள் மத்தியிலேயே பலர் இருந்தார்கள்.

இனி, குறைகள். முதலாவதும் பெரியதும் நேரம். மாதாந்தச் சந்திப்பு எப்போதும் சனிக்கிழமை முற்பகலில் நடக்கிறது. முறைக் கடமையில் இருப்பவர்களுக்கு அது இரவுக் கடமை முடிந்து கண் எரியும் நேரமாகவோ, கடமையின் நடுவாகவோ அமைந்துவிடுகிறது. முல்லைத்தீவிலிருந்து வருபவர் போகவர ஓய்வுநாளையே இழக்கிறார். மாங்குளத்தில் மாதம் விட்டு மாதம் நடத்தினால் மூன்று மாவட்டத்தாருக்கும் ஓரளவு நடுவாக இருக்கும் என்று பலரும் கேட்டிருக்கிறோம். இன்னும் நடக்கவில்லை.

இரண்டாவது, சாரதிகள். பெயருக்குச் சேவை அவர்களுக்கும் உரியதுதான். ஆனால் அறிமுகப் பயிற்சியின் உதாரணங்கள் அனைத்தும் மருத்துவ உதவியாளரின் கண்ணால் பார்த்தவை. பின்னால் அழுகுரல் கேட்க, கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவும் முடியாமல், வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்று ஒவ்வொரு பள்ளத்திலும் தீர்மானித்து ஓடும் மனிதரின் நெருக்கீடு வேறு வகையானது. சம்பவ இடத்தில் “ஏன் இவ்வளவு பிந்தி வந்தனீங்கள்?” என்று ஊரார் முதலில் சட்டையைப் பிடிப்பதும் பெரும்பாலும் அவரைத்தான். பயிற்றப்பட்ட சகபாடிகளுள் சாரதிகள் மிகக் குறைவு. வந்த சாரதிகள் இரண்டாம் தடவை வராமல் விட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெண் பணியாளருக்கான தனிச் சந்திப்பும் இல்லை. இரவில் ஆண்கள் கூட்டமாகக் குடித்திருக்கும் இடத்துக்கு அழைக்கப்படும்போது அவர்கள் சுமக்கும் பயம் பொதுச் சந்திப்பில் வெளிவரவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரமும் அளவுக்கு மீறியது. பயிற்சி பயனுள்ளதுதான், நீளமாக வெளிவிடும் மூச்சு துடிப்பைத் தணிப்பதை நானே வண்டிக்குள் உணர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையின் உடலைக் கையளித்துவிட்டு, விரிப்பை மாற்றி, தரையைக் கழுவி, அடுத்த அழைப்புக்கு உடனே புறப்படும் ஒருவரிடம் மூச்சை மட்டும் கற்றுக்கொடுப்பது, தாங்குவதன் முழுப் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைப்பதாகும். அத்தகைய அழைப்புக்குப் பின் வண்டியை அரை மணித்தியாலம் அழைப்பிலிருந்து விடுவித்துவைக்கும் ஒழுங்கு எங்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பெற்றுத்தருவது ஆற்றுப்படுத்துவோரின் அதிகாரத்தில் இல்லை என்பது தெரியும். என்றாலும் சுகாதாரத் துறையோடு பேசக்கூடிய இடத்தில் அவர்கள் இருப்பதால், எங்கள் சார்பில் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்றையும் அவர்களால் முன்னெடுக்க முடியும். நாங்கள் விபத்துப் பிரிவில் ஒப்படைத்த நோயாளிக்குப் பிறகு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியவருவதில்லை. புடையன் பாம்பு கடித்த வயல் தொழிலாளி சிறுநீரகம் தப்பி வீடு திரும்பியதைப் பல வாரம் கழித்துச் சந்தையில் கேள்விப்படும்போது மனம் அடையும் நிறைவை நான் அறிவேன். அந்தச் செய்தி மறுநாளே கிடைத்திருந்தால் எத்தனை இரவுகள் இலகுவாகியிருக்கும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காத்து, பிழைத்தார் அல்லது பிழைக்கவில்லை என்ற ஒரு சொல்லையாவது வைத்தியசாலையிலிருந்து பெறும் ஒழுங்கைப் பற்றி ஒரு சந்திப்பில் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அந்தரங்கத்தைப் பற்றிய எங்கள் பயத்துக்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தனிப்பட்ட அமர்வின் குறிப்புகளை மேலதிகாரிகள் பார்க்க மாட்டார்கள் என்று ரீச்சர் வாய்மொழியாக உறுதி தந்தார். அவரை நான் நம்புகிறேன். ஆனால் அவருக்குப் பின் வருபவரையும் கட்டுப்படுத்தும் வகையில் அது தமிழில் எழுதி, வருபவர் கையில் ஒரு பிரதியாகக் கொடுக்கப்பட வேண்டும்.

இரவில் இந்தச் சேவையின் தொலைபேசி இயங்குவதில்லை. அந்நேரத்தில் மனம் தாங்காமற் போனால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை நாளின் எந்த மணியிலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவர் மாதச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல், அன்றே மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தேவைப்பட்டபோது ரீச்சரே கூடப் போயிருக்கிறார் என்பதை நான் அறிவேன்.

குறைகளை இவ்வளவு எழுதியும், பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு இந்தச் சேவையை முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். அனுபவமுள்ளவர்களுக்கும்தான், குறிப்பாகத் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்துவிழுபவர்களுக்கு. அறிமுகப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போது கடமை அட்டவணையையும் சேர்த்து அனுப்புங்கள். போதிய பேர் கேட்டால் வார நாளிலும் நடத்த அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். உங்களோடு ஓடும் சாரதியின் பெயரையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.